முகட்டுப் பூவும் சித்தியின் பன்றியும்

யாராவது ஒரு பூவைக் காட்டி, "எவ்வளவு அழகு பாரேன்" என்றால் டெல்வினா பூவைப் பார்க்க மாட்டாள். கிளையைப் பிடித்து, ஓர் இலையைத் திருப்பி, அதன் முதுகைப் பார்ப்பாள். கல்யாண வீட்டு வாசலில் வைத்த தொட்டிச் செடியானாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வாடி நிற்கிற செடியானாலும் இதேதான். தாவர ஆராய்ச்சி நிலையத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள் வருஷக்கணக்கில் இதைப் பார்த்துப் பழகிப் போனார்கள். "மாப்பிள்ளை பாக்கப் போனாலும் முதல்ல முதுகத்தான் திருப்பிப் பாப்பா" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

ரோடோடென்ட்ரான் புதர்களில் பூ ஆளை ஏமாற்றும். ஒரே நிறம், ஒரே குழல் வடிவம், ஆனால் வெவ்வேறு இனமாக இருக்கும். இலையின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புச் செதில்கள் அவ்வளவு சுலபத்தில் ஏமாற்றாது. அது தெரிந்தவள்தான் அவள். தெரிந்தும் ஒரு முறை, அவளுடைய வாழ்க்கையிலேயே முக்கியமான இலையை, திருப்பிப் பார்க்காமல் பறித்தாள்.

போர்னியோத் தீவில், சாபா மாநிலத்தின் மலைப்பக்கத்தில் நலுதன் என்ற டுசுன் பழங்குடிக் கிராமம் அவளுடைய ஊர். அப்பா ரப்பர் மரம் சீவினார். அம்மா சாலையோரத்தில் துஹாவ் என்கிற காட்டு இஞ்சித் தண்டும் பம்பாங்கன் மாங்காய் ஊறுகாயும் விற்றாள். அந்த ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போய்த் திரும்பிய முதல் ஆள் டெல்வினா. பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கியில் எடுத்த படத்தை ஊர்க்காரர்கள் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஊர் மண்டபத்தில் மாநில ஆளுநர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார்கள். ஊர்க்கூட்டம் நடக்கும்போதெல்லாம் அவள் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். முதலில் அது வெறும் கூச்சம். பிறகு வேறு காரணம் வந்து சேர்ந்தது.

ஊருக்கு மேலே பகோன் முகடு. மேகம் எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த உச்சியில் பாசி படிந்த பாறைகளுக்கு நடுவே ஒரு புதர் வளர்கிறது. ஆரஞ்சுப் பூ, தொண்டைக்குள் மட்டும் மஞ்சள். ஊரில் அதை முகட்டுப் பூ என்பார்கள். முகட்டில் யாரும் வேட்டையாடுவதில்லை, மரம் வெட்டுவதில்லை. ஊருக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. அந்தச் சரிவைக் கோசுத் தோட்டத்துக்காக ஒரு கம்பெனி கேட்டபோது ஊரே கொதித்தது. மாவட்ட அலுவலகத்தில் பேசிப் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் பொறுமையாகத்தான் கேட்டார்கள். "தண்ணிய குழாய் போட்டுத் தர்றோம். அந்தப் பூ வேற எங்கயும் இல்லாத பூன்னு யாராச்சும் நிரூபிச்சா அப்புறம் யோசிக்கலாம்" என்றார்கள்.

ஊர்த்தலைவர் சிபானில் நேராக டெல்வினாவுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, நீ செடிக்குக் குலம் கோத்திரம் பாக்கிற வேலைதான பாக்கிற?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா."

"அப்ப நம்ம பூவுக்கும் பாத்துச் சொல்லு. ஆனா ஒண்ணு. பதில கடுதாசில அனுப்பக் கூடாது. நீயே வந்து மண்டபத்துல உன் வாயால சொல்லணும்."

அவளுடைய மேலதிகாரி டாக்டர் வூவுக்கும் அது பிடித்திருந்தது. போர்னியோவின் ரோடோடென்ட்ரான் புதர்கள் எது எதற்கு நெருங்கிய உறவு, எது எதிலிருந்து எப்போது பிரிந்தது என்று டிஎன்ஏ வரிசைகளை வைத்து ஒரு கிளைப்படம் வரைந்துகொண்டிருந்தார் அவர். பகோன் முகட்டு இலை மட்டும் அதில் இல்லை. "அறுவடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போறேல்ல? வரும்போது எடுத்துட்டு வந்துடு. திங்கக்கிழமை எல்லா மாதிரியும் கொரியாவுக்கு அனுப்பணும். இந்தத் தடவை விட்டா அடுத்த வருஷம்தான்."

டெல்வினா ஊருக்குப் போனாள். போன பிறகுதான் ஒன்று உறைத்தது. திருவிழா முடிகிறவரை முகட்டுக்கு யாரும் போகக் கூடாது. நெல்லின் ஆவியை வீட்டுக்கு அழைக்கிற நாட்களில் மேலே ஆள் நடமாடினால் அது மிரண்டு திரும்பிவிடும் என்பது ஊர் வழக்கம். சின்ன வயதிலிருந்தே தெரிந்த வழக்கம். பட்டணத்தில் இருந்ததில் அவள் அதை மறந்திருந்தாள். சிபானிலிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தாள். வழக்கத்தை மறந்துவிட்டேன் என்று அந்தப் படத்துக்குக் கீழே நின்று சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவின் தங்கை சொய்மின் வீட்டு வாசலில் ஆரஞ்சுப் பூ பூத்த ஒரு புதர் நின்றது. கல்யாணமாகி வந்த வருஷம் முகட்டிலிருந்து தன் முதுகில் சுமந்து கொண்டுவந்தது என்று சொய்மின் சித்தி சொல்லாத நாள் கிடையாது. சித்தி வாயாடி. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். அரிசிக் கள்ளான தாப்பாய் ஜாடி முன்னால் மூங்கில் குழலோடு உட்கார்ந்தால் கடைசியாக எழுந்திருப்பவள் அவள்தான். டெல்வினாவை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே அபூர்வம்.

"வாங்க பட்டதாரியம்மா. என்ன மூஞ்சி இப்படித் தொங்குது? படிச்சது மறந்து போச்சா?"

"ஒண்ணுமில்ல சித்தி, தூக்கம் வரல."

"குடி, வரும்."

எல்லாரும் ஜாடியைச் சுற்றி இருந்தார்கள். டெல்வினா படியிறங்கி வாசலுக்கு வந்தாள். அதே செடிதானே, இடம் மட்டும்தானே வேறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவசரமாக ஒரு கொழுந்தை ஒடித்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட பையில் திணித்தாள். பையின் மேல் பகோன் முகடு என்று எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். முகட்டின் உயரத்தையும் சேர்த்து எழுதினாள். அந்தக் கடைசி எண்ணை எழுதும்போதுதான் இது பொய் என்று கைக்கே தெரிந்தது என்று பின்னாளில் அவளுக்குத் தோன்றும்.

கொரியாவிலிருந்து முடிவுகள் வந்தபோது மழைக்காலம். டிஎன்ஏ என்பது நாலே எழுத்துகளில் எழுதிய நீண்ட வரி. இரண்டு செடிகளின் வரிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று பார்த்தால் உறவு தெரியும். குறைவாக மாறியிருந்தால் நெருங்கிய சொந்தம். இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகங்களுக்கும் தனி டிஎன்ஏ உண்டு. இந்தப் புதர்களில் அது தாய் வழியாக மட்டும் வரும். உயிரணுவின் கருவில் இருப்பது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும்.

அவள் கொண்டுவந்த இலையின் தாய்வழி வரிசை, குண்டாசாங் சந்தையில் தொட்டியில் விற்கும் தோட்டச் செடியின் வரிசையோடு அப்படியே ஒத்துப்போனது. கருவின் வரிசையில் பல இடங்களில் ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. இரண்டு வேறு இனங்களைச் சேர்த்தால் வரும் அடையாளம் அது.

டாக்டர் வூ திரையை வெகுநேரம் பார்த்தார். "உங்க ஊர்ப் பூ கலப்பு. தோட்டச் செடியோட பிள்ளை. இதுக விதை தூசி மாதிரி, காத்துல எவ்வளவு உயரமும் போகும். முகட்டுலேந்துதான் பறிச்சே?"

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு மாதிரியைத் தூக்கிப் போடுவார்கள், டாக்டர் திட்டுவார், அவ்வளவுதான். ஆனால் அவள் கண் முன்னால் வந்தது வேறு. ரப்பர் பால் கறை போகாத அப்பாவின் விரல்கள், கறுப்பு அங்கிப் படம், "நம்ம புள்ள" என்று ஊர் சொல்கிற தோரணை. பட்டம் வாங்கியவள் பொய்யாக ஓர் உயரத்தை எழுதினாள் என்பதை அந்த அறையில்கூடச் சொல்ல முடியவில்லை.

"ஆமா டாக்டர்," என்றாள்.

கட்டுரையில் அப்படியே போனது. மாவட்டத்துக்கும் போனது. சரிவின் கீழ்ப்பாதியைக் கோசுத் தோட்டத்துக்குக் கொடுத்தார்கள். மேல்பாதியைப் பற்றிப் பிறகு முடிவு செய்வோம் என்றார்கள். ஆனால் ஊருக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. அவள் மண்டபத்துக்குப் போய்த் தன் வாயால் சொன்னாள்.

முதலில் சிரித்தார்கள்.

"அப்ப நம்ம பூவோட அம்மா குண்டாசாங் சந்தைக்காரியா?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"அதான் இத்தனை மினுக்கு."

"அப்பன் யாருன்னு மிஷினு சொல்லலையா? நம்ம ஊர்ல கேட்டா உடனே சொல்லியிருப்பாங்களே!"

சிபானில் மட்டும் சிரிக்கவில்லை. "நாங்க இத்தன தலைமுறையா காத்தது சந்தைச் செடியையா?" என்று கேட்டார். அவளைக் கேட்கவில்லை, தரையைப் பார்த்துக் கேட்டார். டெல்வினாவுக்குப் பின்னால் சுவரில் அவளே கறுப்பு அங்கியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சொய்மின் சித்தி எழுந்தாள்.

"தப்பு என் மேல," என்றாள். "என் வாசல்ல நிக்கிறது முகட்டுச் செடி இல்ல. அது அந்தப் பெரிய வறட்சியிலயே பட்டுப் போச்சு. ஊர்ல எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுட்டு இப்ப செத்துப் போச்சுன்னு எப்படிச் சொல்றது? சந்தைக்குப் போயி அதே நிறத்துல ஒண்ண வாங்கியாந்து அதே குழியில வச்சேன். அதோட விதைதான் மேல பறந்து போயி முகட்டக் கெடுத்திருக்கும்."

"அடிப்பாவி!" என்றாள் ஒருத்தி. "அந்தச் செடி முன்னால என் பேரனுக்குப் போட்டோ எடுத்தோமேடி!"

"போட்டோ நல்லாத்தான வந்துச்சு?"

மறுபடி சிரிப்பு கிளம்பியது. டெல்வினாவின் காதில் அது விழவில்லை. சித்தி வாசல் செடி சந்தைச் செடி என்றால் கொரியாவிலிருந்து வந்த வரிசை அந்தச் செடியுடையது. முகட்டுப் பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகட்டுப் பூவை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை. அந்த மண்டபத்தில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள். எல்லார் முகமும் சித்தியின் பக்கம் திரும்பியிருந்தது. மூடிக்கொண்டாள்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஊருக்குச் சூடு வந்துவிட்டது, சோகிட் கொடுத்துத்தான் குளிர்விக்க வேண்டும் என்று முடிவானது. தப்புச் செய்தவர் தன் வீட்டு மிருகத்தைக் கொடுக்க வேண்டும், அதன் இரத்தம் மண்ணில் விழ வேண்டும், இறைச்சி எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். பன்றி என்றார் சிபானில். சித்தி பேரம் பேசிப் பார்த்தாள்.

"கோழி போதாதா மாமா? ஒரு பூவுக்குப் பன்னியா?"

"பூவுக்கு இல்ல. முகட்டுக்கு."

சித்தி அந்த வருஷம் மகன் கல்யாணத்துக்காக வளர்த்த பன்றி அது. மறுநாள் காலையில் அதைக் கொண்டுவந்தாள். டெல்வினா கடைசி வரிசையில் நின்றாள். அவள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. அம்மா இஞ்சி தட்டிப் போட்டு வேகவைத்தாள். டெல்வினா சாப்பிட்டாள். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி அடுப்படியில் உட்கார்ந்து கொழுப்பை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"கிழக்குப் பக்கக் கொழுந்த ஒடிச்சது நீதான?"

டெல்வினா வாசல் செடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"திருவிழா அன்னைக்கே பாத்தேன். ஆடுதான் கடிச்சிருக்கும்னு நெனச்சேன். ஆடு இவ்வளவு சுத்தமா கடிக்காதே." கத்தி நின்றது. "எனக்குப் பொய் சொல்றது பழக்கம்டி. சீட்டுலயே சொல்றேன். ஊரு ஒரு நாள் திட்டும், மறுநாள் மறந்துடும். உன்னைய அப்படி மறக்க மாட்டாங்க. சுவத்துல வேற மாட்டி வச்சிருக்காங்க."

"சித்தி, நான் போய்ச் சொல்லிடறேன்."

"பன்னியே வெந்து போச்சு. இனிமே என்னத்தச் சொல்லுவ?" என்று சித்தி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "மேல போ. ஒழுங்கா கேட்டுட்டு, ஏறிப் போயி, பறிச்சுட்டு வா. போ."

டெல்வினா போனாள். சிபானிலிடம் அனுமதி கேட்டாள். "கெட்டுப் போன பூவ இன்னும் எதுக்கும்மா பாக்கணும்?" என்று கேட்டார் அவர். "சரியா கெட்டிருக்கான்னு பாக்கணும் மாமா," என்றாள். அவர் கோழி அறுத்து முகட்டிடம் கேட்டுவிட்டு வழிவிட்டார். மேகத்துக்குள் பாறையைப் பிடித்துக்கொண்டு ஏறி, முதல் புதரின் இலையைத் திருப்பினாள். செதில்கள் அடர்த்தியாக, துரு நிறத்தில், ஒன்றன் விளிம்பை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. சித்தி வாசல் செடியில் இப்படி இருந்திருக்கவே முடியாது. ஒரு நொடி திருப்பியிருந்தால் போதும். அவள் அங்கேயே பாசியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது முடிவு வந்தபோது முகட்டுப் பூ கிளைப்படத்தில் தனியாக ஒரு கிளையில் நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. வெகுகாலத்துக்கு முன்பே மற்றவற்றிலிருந்து பிரிந்து, அந்த ஒரு முகட்டிலேயே இருந்துவிட்ட கிளை. டாக்டர் வூ மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அப்ப முதல் மாதிரி என்னாச்சு? ஆய்வுக்கூடத்துல ஏதாச்சும் கலந்துடுச்சா?"

கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்துவிட்டார். அவள் தலையாட்டினாள். திருத்தம் வெளியானது. சரிவின் மேல்பாதி தப்பியது. கீழ்ப்பாதியில் அதற்குள் கோசு நட்டாயிற்று.

அந்தச் செய்தியைச் சொல்லவும் அவள் மண்டபத்துக்குப் போக வேண்டியிருந்தது. "முகட்டுப் பூ சுத்தமா இருக்கு. அது மாதிரி வேற எங்கயும் இல்ல," என்றாள். முதல் தடவை எப்படித் தவறியது என்று அடுத்த வாக்கியத்தில் சொல்வதற்காக மூச்சை இழுத்தாள். அதற்குள் சிபானில் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"குளுந்துடுச்சு! சொன்னேன்ல? சொய்மின் பன்னி வேலை செஞ்சிருச்சு!"

ஊரே ஆர்ப்பரித்தது. பன்றியின் இரத்தம் விழுந்ததும் முகடு குளிர்ந்தது, பூ தன் பழைய குலத்துக்குத் திரும்பிவிட்டது. அவர்களுக்கு இதைவிடத் தெளிவான விஷயம் இருக்க முடியாது. "கொரியா மிஷினவிட நம்ம பன்னி கெட்டிக்காரப் பன்னி," என்றது பின்வரிசை. அன்றிலிருந்து அந்தப் பன்றிக்கு டாக்டர் பன்றி என்று பெயர் வந்தது. சொய்மின் சித்தி கூட்டத்தின் நடுவில் நின்று, "என் வளப்பு அப்படி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டெல்வினாவும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு எந்தக் காலத்திலும் செரிக்கவில்லை.

பல வருஷம் கழித்து, சித்தியின் கடைசி மகனுக்குக் கல்யாணம் பேசியபோது, டெல்வினா ஒரு நல்ல பன்றியை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சித்தி வீட்டு வாசலில் நிறுத்தினாள். நலுதனில் ஒருவர் தப்புக்கு இன்னொருவர் சோகிட் கொடுத்தால், தப்புச் செய்தவர் அதே மிருகத்தை, அதே பருமனில், கொடுத்தவர் கையில் திருப்பித் தர வேண்டும். ஊர் பார்க்கத் தர வேண்டும்.

சித்தி லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"நல்ல பன்னி. எதுக்கு இது?"

"உங்களுக்குத் தெரியும் சித்தி."

"தெரியும். ஊருக்குத் தெரியாதே. பன்னி எதுக்குன்னு கேப்பாங்க. செடியப் பத்தி நான் பொய் சொன்னது எல்லாருக்கும் தெரியும், அது தீந்து போச்சு. உன் தப்ப என் தப்புன்னு சோகிட்லயே பொய் சொன்னேன்னு தெரிஞ்சா? மண்ணுல விழுந்த ரத்தத்துக்குப் பொய் சொன்னவ வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"அப்ப நான் எப்பத்தான் தர்றது?"

"நான் செத்ததும் மண்டபத்துல நின்னு சொல்லிட்டு என் மகன் கையில குடு. அப்ப எனக்கு ஒண்ணும் ஆவாது." சித்தி பன்றியின் காதைத் தடவிக் கொடுத்தாள். "இப்ப இத எடுத்துட்டுப் போ, என் கண்ணு முன்னால நிக்காத. ஆசையா இருக்கு."

திரும்பி ஓட்டிக்கொண்டு போகும்போது டெல்வினாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது என்ற நிம்மதி. பிறகுதான், எதற்காக நிம்மதிப்படுகிறோம் என்று புரிந்தது. சித்தியின் சாவு வரைக்கும் தவணை கிடைத்ததற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

சித்தி ஒரு மழைக்காலத்தில் இறந்தாள். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சீட்டில் அவள் செய்த ஏமாற்றுகளைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள், சிரித்தார்கள். டாக்டர் பன்றியின் கதையும் வந்தது. இப்போது வளர்ந்து நிற்கிற பிள்ளைகள் அதை முதல் தடவையாகக் கேட்டார்கள். சிபானில் மிகவும் தளர்ந்திருந்தார். டெல்வினாவைப் பார்த்து, "உனக்குத் தெரியுமேம்மா, நீ அங்கதான இருந்த. சொல்லு, பூ திரும்பிச்சா இல்லையா?" என்றார்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சித்தி கொடுத்த தவணை முடிந்துவிட்டது. தடுப்பதற்கு இப்போது யாரும் இல்லை.

"திரும்பிச்சு மாமா," என்றாள்.

டெல்வினா இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பட்டணத்திலேயே இருக்கிறாள். அவள் பெயர் போட்ட கிளைப்படங்களை வெளிநாட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எந்தப் புதர் எதற்கு உறவு என்று அவளிடம் கேட்டு எழுதுகிறார்கள். அவள் பொறுமையாகப் பதில் போடுகிறாள், ஓர் எழுத்துக்கூடத் தவறாமல். ஒவ்வோர் அறுவடைத் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகிறாள், மண்டபத்தில் படத்துக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள், திரும்பி வருகிறாள். சொய்மின் சித்தியின் மகன் வீட்டுக்கு ஒரு பன்றி இன்னும் வந்து சேரவில்லை.